ஃப்ரீ என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கிற ஆள்

(மொழிபெயர்ப்பு பற்றிய சொற்பொழிவு ஒன்றின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்திலிருந்து போர்த்துகீசியத்துக்கு மொழிபெயர்ப்பவர்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். பாடு நிறைய, நேரம் குறைவு. அதனால் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவது என்று முடிவு செய்து வந்திருக்கிறேன். ‘ஃப்ரீ’ என்ற சொல். இதற்கு அகராதியைப் புரட்ட வேண்டியவர் இங்கே யாரும் இல்லை. ‘சாயங்காலம் ஃப்ரீயா?’ என்று கேட்கிறோம். ‘ரெண்டு வாங்கினால் ஒன்று ஃப்ரீ’ என்று கடையில் எழுதிப் போடுகிறார்கள். எதையாவது நினைத்துப் புலம்புகிறவனிடம் ‘ஃப்ரீயா விடு மாப்ளே’ என்கிறோம். தமிழில் சொல்லப்போனால் முதலாவது ஓய்வு, இரண்டாவது இலவசம் அல்லது ஓசி. மூன்றாவதற்கு என்ன சொல்வது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

போர்த்துகீசியக்காரர் நிலைமையும் இதுதான். அவர் கையில் ஏழெட்டுச் சொற்கள் இருக்கின்றன. லீவ்ரெ, கிராத்திஸ், ஃபோர்ரோ, லிபெர்த்தோ, ஃப்ராங்கோ, இசென்தோ, சோல்தோ. ஆங்கில–போர்த்துகீசிய அகராதியில் இவற்றில் பாதியை நடுவில் காற்புள்ளி போட்டு வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அந்தக் காற்புள்ளிகளை நம்பக் கூடாது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அவை உண்டாக்கிவிடும். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறார். ஒன்றில் விலங்கைக் கழற்றியவர், இன்னொன்றில் காசு கொடுத்தவர், மற்றொன்றில் வரியைத் தள்ளுபடி செய்த அரசர். ஆங்கிலம் அந்த ஆளைச் சொல்லாமலே போய்விடும். போர்த்துகீசியத்தில் எழுத உட்கார்ந்தால் ‘யார் அது?’ என்று கேட்காமல் பேனா நகராது. நான் சொல்ல வந்தது இதைத்தான்.

இந்தச் சொற்களின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ஆங்கில ‘ஃப்ரீ’ ஜெர்மானிய வழிச் சொல். ‘ஃப்ரெண்ட்’ அதன் உடன்பிறப்பு. இன்னும் மேலே போனால் சமஸ்கிருத ‘ப்ரிய’வும் அதுவும் ஒரே வேரில் முளைத்தவை. பிரியத்துக்குரியவர்கள் என்றால் வீட்டு மனிதர்கள். அதே வீட்டில் வேலை செய்த அடிமைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ‘ஃப்ரீ’க்கு அடிமையல்லாதவர் என்ற பொருள் வந்தது இப்படித்தான் என்று சொற்பிறப்பு ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். போர்த்துகீசியச் சொற்கள் மூன்று திசைகளிலிருந்து வந்தவை. லீவ்ரெ லத்தீன். ஃப்ராங்கோ, ஃப்ராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் பெயர். ஃபோர்ரோ அரபி. ஐபீரியத் தீபகற்பத்தை ரோமானியர்கள் ஆண்டார்கள், பிறகு ஜெர்மானியக் கூட்டங்கள் வந்தன, 711இல் அரபியரும் பெர்பர்களும் கடல் தாண்டி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாருமே ‘அடிமையில்லை’ என்று சொல்வதற்கு ஒரு சொல்லைத் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாருக்கும் அது அவசரமாகத் தேவைப்பட்டிருக்கிறது போலும்.

ஃபோர்ரோவிடம் கொஞ்ச நேரம் நிற்கப்போகிறேன். அரபியில் ‘ஹுர்’ என்றால் அடிமையல்லாதவர். அதிலிருந்து ஃபோர்ரோ, அதிலிருந்தே ‘அல்ஃபொர்ரியா’, அதாவது அடிமையை விடுவிப்பது. ‘கார்த்தா தெ அல்ஃபொர்ரியா’ என்பது விடுதலைப் பத்திரம். பிரேசிலில் இந்தப் பத்திரங்களை நோட்டரி அலுவலகப் பேரேட்டில் பதிந்தார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் அந்தப் பேரேடுகளைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவற்றில் என்ன எழுதியிருக்கும்? சிலவற்றில், ‘நான் உயிரோடு இருக்கும்வரை எனக்கு ஊழியம் செய்ய வேண்டும், நான் கண்ணை மூடிய பிறகே விடுதலை’ என்ற நிபந்தனை. சிலவற்றில் அடிமை தன் விலையைத் தானே கொடுத்துத் தீர்த்த கணக்கு. தங்கம் தோண்டிய மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் தவணை முறையும் இருந்தது. பாதிப் பணம் கட்டி மீதிக்குக் கெடு வாங்கிக்கொண்டு அலைகிறவருக்குத் தனிப் பெயரே உண்டு, ‘கோஆர்த்தாதோ’. அவர் அடிமையா, விடுதலை பெற்றவரா? இரண்டும்தான். ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றாசிரியருக்கு இந்த இடத்தில் கைவசம் சொல் இல்லை. போர்த்துகீசியச் சொல்லையே சாய்வெழுத்தில் போட்டுவிட்டுப் போகிறார்.

இன்னொரு விதி இருந்தது. போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் நெடுங்காலம் செல்லுபடியான 1603ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின்படி, விடுதலை பெற்றவர் பழைய எஜமானிடம் நன்றிகெட்டு நடந்தால் கொடுத்த விடுதலையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம். கையால் அடித்திருக்க வேண்டும் என்பதில்லை. வாயால் இழிவாகப் பேசினாலே போதும். பிரேசிலில் இந்த விதியை 1871இல்தான் எடுத்தார்கள். ஃபோர்ரோ என்ற சொல் ஒருவர் பெயரோடு ஒட்டியிருக்கும்வரை, எஜமானும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே இருந்தார் என்று அர்த்தம்.

லீவ்ரெ அப்படியல்ல. அது பிறப்பிலேயே கட்டில்லாதவர். இந்த வித்தியாசம் இலக்கண நுணுக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேசிலின் 1824ஆம் ஆண்டு அரசியல் சாசனம், அந்த நாட்டில் பிறந்து விடுதலை பெற்ற அடிமையைக் குடிமகனாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அன்றைய தேர்தல் இரண்டு கட்டமாக நடந்தது. முதல் கட்டத்தில் வாக்களிக்கிறவர்கள் வாக்காளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த வாக்காளர்கள் சட்டமன்றத்துக்கு ஆள் அனுப்புவார்கள். லிபெர்த்தோ, அதாவது விடுவிக்கப்பட்டவர், முதல் கட்டத்தோடு நின்றுகொள்ள வேண்டும். அவருடைய பிள்ளை லீவ்ரெ. அவனுக்கு அந்தத் தடை இல்லை. அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் சட்டம் போட்ட கோடு அது. ஆங்கிலப் புத்தகத்தில் அப்பாவும் ‘ஃப்ரீ’, மகனும் ‘ஃப்ரீ’.

இப்போது ஒரு மொழிபெயர்ப்பாளரின் மேசைக்கு வருவோம். சாலமன் நார்த்தப்பின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். 2013இல் திரைப்படமாக வந்தது. நியூயார்க் மாநிலத்தில் அடிமையல்லாதவராகப் பிறந்து, 1841இல் வாஷிங்டனில் கடத்தப்பட்டு, லூசியானாவில் பன்னிரண்டு ஆண்டுகள் அடிமையாக இருந்து மீண்டவர். 1853இல் தன் கதையைப் புத்தகமாக்கினார். அவர் அப்பா மின்டஸ் அடிமையாக இருந்தவர். எஜமான் எழுதி வைத்த உயிலால் அவர் இறந்தபின் விடுதலை பெற்றவர். ஆங்கிலத்தில் அப்பாவும் மகனும் ‘ஃப்ரீ மேன்’. போர்த்துகீசியத்தில் அப்பா லிபெர்த்தோ, மகன் லீவ்ரெ. இரண்டு பேருக்கும் லீவ்ரெ போட்டால் அப்பாவின் கதை போய்விடும். இரண்டு பேருக்கும் லிபெர்த்தோ போட்டால் மகனுக்கு நடந்த அநியாயத்தின் அளவே மாறிவிடும்.

அதே கதையில் இன்னொரு பொறி இருக்கிறது. தெற்கே பயணம் போகுமுன் நார்த்தப் நியூயார்க்கில் ‘ஃப்ரீ பேப்பர்ஸ்’ வாங்கிக்கொள்கிறார். தான் அடிமையல்ல என்று காட்டும் சான்றுக் காகிதம். போர்த்துகீசிய மொழிபெயர்ப்பாளரின் விரல் நுனியில் ‘கார்த்தா தெ அல்ஃபொர்ரியா’ தயாராக நிற்கும். பிரேசிலில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் தெரிந்த, கனமும் பழமையும் உள்ள சொற்றொடர். அதைப் போட்டால் வாக்கியம் அழகாக விழும். ஆனால் அது தவறு. அல்ஃபொர்ரியா என்றால் யாரோ ஒருவர் விடுவித்தார் என்று பொருள். நார்த்தப்பை யாரும் விடுவிக்கவில்லை, விடுவிக்க அவர் யாருக்கும் சொந்தமாக இருந்ததில்லை. ‘அடிமையல்லாத நிலைக்கான சான்றிதழ்’ என்று நீட்டி முழக்கித்தான் எழுத வேண்டும். படிக்கச் சுவாரசியம் குறையும். குறையட்டும் என்பது என் கட்சி. ஒரு மனிதனை இல்லாத எஜமானுக்கு அடிமையாக்கிவிட்டு நடை அழகைக் காப்பாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இவ்வளவும் கேட்டால் லீவ்ரெ சுத்தமான சொல், பின்னால் ஆள் யாரும் இல்லாத சொல் என்று தோன்றும். 1871 செப்டம்பர் 28ஆம் தேதிச் சட்டத்தைப் பாருங்கள். மக்கள் அதை ‘வென்த்ரெ லீவ்ரெ’ சட்டம் என்றார்கள், கட்டில்லாத கருப்பை என்று பொருள். அடிமைத் தாய்க்கு அதற்குப் பின் பிறக்கிற குழந்தை அடிமையல்ல என்றது அது. சரி, குழந்தை எங்கே வளரும்? தாயின் எஜமான் வீட்டில்தான். எட்டு வயதானதும் எஜமான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். அரசிடம் 600 மில்ரெய்ஸ் நஷ்டஈடு வாங்கிக்கொண்டு பிள்ளையை விட்டுவிடலாம், இல்லாவிட்டால் இருபத்தொரு வயது வரை அதை வேலை வாங்கிக்கொள்ளலாம். பெயரில் மட்டும் லீவ்ரெ.

அதற்கு முந்திய கூத்து இன்னும் பெரியது. பிரிட்டனும் போர்ச்சுகலும் 1817இல் அடிமை வியாபாரத்தை ஒடுக்க ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ரியோ டி ஜெனிரோவில் இரு நாட்டு நீதிபதிகளும் உட்கார்ந்த கூட்டு ஆணையம் ஒன்று 1819 முதல் 1845 வரை இயங்கியது. கள்ளத்தனமாக அடிமைகளை ஏற்றி வந்த கப்பல் பிடிபட்டால், அதில் இருந்தவர்கள் அடிமைகள் அல்ல என்று தீர்ப்பளித்து ஆளுக்கொரு சான்றிதழ் கொடுப்பார்கள். அவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் ‘ஆஃப்ரிகானோஸ் லீவ்ரெஸ்’, அடிமையல்லாத ஆப்பிரிக்கர்கள். பிரேசில் தானே நடத்திய விசாரணைகளிலும் அதே பெயர். 1850களின் நடுப்பகுதிவரை இப்படிப் பெயர் பெற்றவர்கள் ஏறக்குறைய 11,000 பேர். சான்றிதழைக் கையில் வாங்கியவர்கள் ஊருக்குப் போனார்களா என்றால் இல்லை. அரசாங்க வேலைக்கோ, அரசிடம் வாடகை கட்டிய தனியாருக்கோ பதினான்கு ஆண்டுகள் உழைக்க அனுப்பப்பட்டார்கள். பதினான்கு முடிந்த பிறகும் பலரை விடவில்லை. 1864இல் ஆணை போட்டுத்தான் கடைசியாக அவர்களை விட்டார்கள். தெருவில் அடிமைகளோடு அடிமையாகக் கல் சுமந்துகொண்டிருந்த ஒருவரின் இடுப்பு மடிப்பில் ‘லீவ்ரெ’ என்று எழுதிய காகிதம் இருந்திருக்கும்.

இந்த ஆப்பிரிக்கர்களைப் பற்றிய ஆவணங்களை ஆங்கிலத்திலிருந்து போர்த்துகீசியத்துக்கு இன்று மொழிபெயர்க்கிறவருக்குத் தலைவலி தலைகீழாக வருகிறது. பிரிட்டிஷ் தூதர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களில் இந்த மனிதர்கள் சில இடத்தில் ‘விடுவிக்கப்பட்ட’ ஆப்பிரிக்கர்கள், சில இடத்தில் ‘ஃப்ரீ’ ஆப்பிரிக்கர்கள். இரண்டையும் போர்த்துகீசியத்தில் ‘ஆஃப்ரிகானோஸ் லீவ்ரெஸ்’ என்றே எழுத வேண்டும், அதுதான் சட்டப்பெயர் என்பதால். ‘விடுவிக்கப்பட்ட’ என்பதற்கு நேராக லிபெர்த்தோஸ் என்று போட்டால் அது வேறு கூட்டத்தைக் குறித்துவிடும், எஜமானிடம் பத்திரம் வாங்கியவர்களை. சொல்லுக்குச் சொல் சரியாகப் பெயர்த்தவர் ஆளையே மாற்றிவிட்டிருப்பார்.

பிரேசிலில் ‘பர இங்க்லேஸ் வேர்’ என்று ஒரு சொல்வழக்கு உண்டு. ஆங்கிலேயன் பார்ப்பதற்காக, என்று அர்த்தம். ஊருக்குக் காட்ட ஒன்றைச் செய்துவிட்டு உள்ளே பழையபடியே நடப்பது. பிரேசிலுக்குள் இறக்குமதியாகும் அடிமைகள் எல்லாரும் இனி அடிமைகள் அல்ல என்று 1831இல் பிரிட்டனின் நெருக்கடியால் ஒரு சட்டம் வந்தது; அதற்குப் பிறகும் லட்சக்கணக்கானவர்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சட்டத்தை வைத்துத்தான் இந்தச் சொல்வழக்கு பிறந்தது என்று பலரும் சொல்வார்கள். பிறந்த கதை எதுவானாலும் வழக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கனமான பகுதி முடிந்தது. இனிக் கடைத்தெருப் பக்கம் போவோம்.

‘ஃப்ரீ’ என்றால் காசில்லாமல் என்ற பொருளில் வரும்போது மொழிபெயர்ப்பு எளிது என்று நினைப்போம். கிராத்திஸ் இருக்கிறது, அதே லத்தீன் குடும்பத்தில் ‘தெ கிராஸா’வும் இருக்கிறது. கிராஸா என்றால் அருள், கருணை. கடைக்காரர் அருளால் கிடைப்பது தெ கிராஸா. ஆனால் வரியில்லாமல் என்றால் கிராத்திஸ் செல்லாது. அங்கே காசு உண்டு, வரிதான் இல்லை. இசென்தோ என்று போட வேண்டும், விலக்கு அளிக்கப்பட்டது என்று பொருள். விமான நிலையத்தில் வரியில்லாமல் சாமான் விற்கும் கடைக்குப் பிரேசில் சட்டம் ‘லோஜா ஃப்ராங்கா’ என்று பெயர் வைத்திருக்கிறது. மக்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை, ‘ஃப்ரீ ஷாப்’ என்றுதான் சொல்கிறார்கள். சுத்த ஆங்கிலம், ஆனால் ஆங்கிலேயருக்கு அந்தப் பெயர் விளங்காது. எல்லாம் ஓசியில் கொடுக்கும் கடையோ என்று நினைத்துக்கொள்வார். அமேசான் நடுவில் மனாவுஸ் நகரத்தில் 1967இல் உருவான வரிச்சலுகைத் தொழில் பகுதிக்கு ‘சோனா ஃப்ராங்கா’ என்று பெயர். ஃப்ராங்கோ வந்தால் பின்னால் நிற்பவர் அரசர் அல்லது அரசாங்கம். நமக்கு உரிமையான வரியை நாமே வேண்டாம் என்று விட்டோம் என்று கையெழுத்துப் போட்டவர் அவர்.

லீவ்ரெ இங்கேயும் குழப்பும். பிரேசிலில் வாரச் சந்தைக்கு ‘ஃபெய்ரா லீவ்ரெ’ என்று பெயர். சாவோ பாவுலோ நகராட்சி 1914இல் இவற்றை முறைப்படுத்தியது. காலையில் தெருவை அடைத்துக்கொண்டு பந்தல் போட்டுக் காய்கறி, பழம், மீன் விற்பார்கள். ஒரு முனையில் எண்ணெயில் பொரித்த பாஸ்தெலும் கரும்புச் சாறும் இருக்கும். எதுவும் சும்மா கிடைக்காது. வியாபாரிகள் போடும் பழைய கூவல் ஒன்று, ‘அழகான பெண்ணுக்குக் காசு வேண்டாம்’ என்று தொடங்கும். வாய் பிளந்து நிற்கிறவளிடம் பாதி மூச்சில் மீதியையும் சொல்லி முடிப்பார்கள்: ‘ஆனால் சாமானையும் எடுத்துப் போக முடியாது.’

உணவுப் பொட்டலங்களில் இன்னொரு வேடிக்கை. ‘சுகர் ஃப்ரீ’ என்பதைப் போர்த்துகீசியம் வழக்கமாகச் ‘செம் அசுகர்’ என்று எழுதும், சர்க்கரை இல்லாமல். ஆனால் ஆங்கிலப் பொட்டலங்களைப் பார்த்துப் பார்த்து இப்போது ‘லீவ்ரெ தெ’ என்று தொடங்குவதும் பெருகிவிட்டது. க்ளூட்டனிலிருந்து லீவ்ரெ, புகையிலிருந்து லீவ்ரெ. க்ளூட்டன் ஏதோ சிறைக்கூடம் போலவும் ரொட்டி அதிலிருந்து தப்பி வந்தது போலவும் எனக்கு ஒரு சிரிப்பு வரும். பிரேசிலின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வம்பையே வைத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பொட்டலத்திலும் ‘க்ளூட்டன் உள்ளது’ அல்லது ‘க்ளூட்டன் இல்லை’ என்று எழுதச் சொல்லிவிட்டது. ‘ஃப்ரீ’யை மொழிபெயர்க்க நான் பார்த்ததிலேயே நல்ல வழி அது, சொல்லையே கழற்றிவிட்டு விஷயத்தைச் சொல்வது. வக்கீல்களிடமிருந்தும் மொழிபெயர்ப்பாளர்கள் கற்றுக்கொள்ளலாம்.

கணினி உலகத்துக்கு வருகிறேன். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கினார். எவரும் பயன்படுத்தலாம், மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதற்கு அவர் வைத்த பெயர் ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’. காசில்லாத மென்பொருள் என்றே பாதிப்பேர் புரிந்துகொண்டார்கள். பேச்சுரிமை என்கிறோமே, அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், ஓசி பீர் என்ற அர்த்தத்தில் வேண்டாம் என்று அவர் காலமெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. 1998இல் ஒரு பிரிவினர் இந்த இரட்டைப் பொருளும் வேண்டாம், அந்தத் தத்துவமும் வேண்டாம் என்று ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற புதுப் பெயரோடு தனியே போனார்கள். ஒரு இயக்கம் இரண்டாக உடைந்ததில் ஒரு உரிச்சொல்லுக்கும் பங்கு உண்டு.

பிரேசிலில் இந்தச் சிக்கலே எழவில்லை. ‘சாஃப்ட்வேர் லீவ்ரெ’ என்றார்கள், முடிந்தது. கிராத்திஸ் என்று யாரும் நினைக்க வழியில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து போர்த்து அலெக்ரே நகரத்தில் இதற்காக உலக மாநாடுகள் நடந்தன, அரசாங்க அலுவலகங்களுக்குள்ளும் இந்த மென்பொருள்கள் போயின. தமிழில் இதே வேலையைச் செய்தவர்கள் ‘கட்டற்ற’ என்ற சொல்லைப் பிடித்தார்கள். இலவசம் என்ற வாடையே அதில் இல்லை. தமிழ் விக்கிப்பீடியா தன்னைக் கட்டற்ற கலைக்களஞ்சியம் என்கிறது, போர்த்துகீசிய விக்கிப்பீடியா ‘என்சிக்லோபேதியா லீவ்ரெ’ என்கிறது. இரண்டு மொழிக்காரர்களும் இங்கே ஆங்கிலத்தைவிட வசதியாக இருக்கிறோம்.

வசதியிலிருந்தே ஒரு தொல்லை முளைக்கிறது. ஸ்டால்மனின் கட்டுரைகளைப் போர்த்துகீசியத்தில் பெயர்க்கிறவர் அந்தப் பீர் விளக்கத்தை என்ன செய்வார்? ‘லீவ்ரெ என்றால் பேச்சுரிமை அர்த்தத்தில், ஓசி பீர் அர்த்தத்தில் அல்ல’ என்று எழுதினால், வாசகர் ‘லீவ்ரெவுக்கு எப்போது ஓசி என்று பொருள் இருந்தது? இவர் யாரை எச்சரிக்கிறார்?’ என்று விழிப்பார். இல்லாத குழப்பத்துக்கு ஒரு விளக்கம். அதை வெட்டிவிடலாம் என்றால், அந்த இயக்கத்தின் புகழ்பெற்ற வாக்கியத்தை வெட்டியவர் என்ற பழி வரும். பெரும்பாலானவர்கள் ‘ஆங்கிலத்தில் ஃப்ரீ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதால்’ என்று ஒரு வரியை உள்ளே நுழைத்துச் சமாளிக்கிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆங்கிலத்தின் பிரச்சினையை ஆங்கிலத்தின் பெயரிலேயே பற்று எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

போர்த்து அலெக்ரேயைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரிலிருந்து கடற்கரைப் பக்கம் ஒசோரியோவுக்குப் போகும் நெடுஞ்சாலை 1973இல் திறந்தது. ஊர்க்காரர்கள் அதை ஆங்கிலத்திலேயே ‘ஃப்ரீவே’ என்று அழைக்கிறார்கள். அதில் போகச் சுங்கம் கட்ட வேண்டும்.

கால்பந்தில் எதிரணி முறைகேடாக ஆடினால் கிடைக்கும் ‘ஃப்ரீ கிக்’குக்குப் போர்ச்சுகலில் பெயர் ‘லீவ்ரெ’. பிரேசிலில் ‘ஃபால்தா’, அதாவது முறைகேடு, குற்றம். போர்ச்சுகலின் ரொனால்டோ லிஸ்பனில் அடித்தது லீவ்ரெ கோல், பிரேசிலின் ஸீக்கோ ரியோவில் அடித்தது ஃபால்தா கோல். ஒரே உதை. ஒரு ஊர் பந்தை வைத்துக்கொண்டு நிற்பவனைப் பார்த்துப் பெயர் வைத்தது, மற்ற ஊர் அவனைத் தள்ளிவிட்டவனைப் பார்த்துப் பெயர் வைத்தது. ஆங்கில வர்ணனையை மொழிபெயர்க்கிறவர் யாருக்காக எழுதுகிறார் என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரேசில் விளையாட்டுப் பக்கத்தில் தனியே ‘லீவ்ரெ’ என்று வந்தால் லிஸ்பன் ஆள் எழுதியது என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆஸ்கார் வைல்டின் ‘எர்னஸ்ட்’ நாடகத்தை விட்டுவிட மனமில்லை, தலைப்பிலிருந்து சற்று விலகினாலும். எர்னஸ்ட் ஒரு ஆளின் பெயர், நேர்மையானவர் என்ற பொருளும் அதே ஒலிக்கு உண்டு. முழு நாடகமும் அந்தச் சிலேடையில் தொங்குகிறது. எர்னெஸ்தோ என்று போர்த்துகீசியத்தில் வைத்தால் பெயர் தங்கும், சிலேடை செத்துவிடும். பிரேசிலில் ‘ப்ருதென்தெ’ என்று ஒருவர் பெயரை மாற்றிப் போட்டார்கள். விவேகமுள்ளவர் என்று பொருள், ஆளின் பெயராகவும் அங்கே வைப்பதுண்டு. அந்த நாடகம் 1895 பிப்ரவரியில் லண்டனில் முதலில் மேடையேறியபோது பிரேசிலின் குடியரசுத் தலைவராக இருந்தவர் பெயர் ப்ருதென்தெ தெ மொராயிஸ். நேர்மை விவேகமாகிவிட்டதே என்று குறை சொல்லலாம்தான். ஆனால் மேடையில் சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது.

கடைசியாக, நான் இதுவரை சொன்னதற்கு நேர் எதிரான ஒன்று. அதை மறைத்துவிட்டு இறங்கினால் உங்களை ஏமாற்றியதாகும்.

‘ஃப்ரீ’ ஆங்கிலத்தில் வினைச்சொல்லும்கூட. 1984இல் வந்த ‘ஃப்ரீ நெல்சன் மண்டேலா’ பாட்டில் அது கட்டளை, அவரை விடுங்கள் என்று. போர்த்துகீசியத்தில் ‘லிபெர்தெம்’ என்று பன்மையில் கட்டளையாகச் சொல்லலாம், அல்லது ‘மண்டேலாவுக்கு விடுதலை’ என்று பெயர்ச்சொல்லாக மாற்றலாம். இதெல்லாம் பழகிய வேலை. 2018 ஏப்ரல் 7ஆம் தேதி அப்போது பிரேசிலின் முன்னாள் குடியரசுத் தலைவராக இருந்த லூலா குரிட்டிபா நகரத்தில் சிறை வைக்கப்பட்டார். அவருடைய ஆதரவாளர்கள் எடுத்த முழக்கம் ‘லூலா லீவ்ரெ’. வெளிநாட்டுப் பத்திரிகைகளும் ஆதரவுக் குழுக்களும் அதை ‘ஃப்ரீ லூலா’ என்று ஆங்கிலமாக்கின. வேறு எப்படியும் ஆக்கியிருக்க முடியாது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆங்கில முழக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார், நீதிபதியோ அரசோ. அவரைப் பார்த்து ‘விடு’ என்கிறது. போர்த்துகீசிய முழக்கத்தில் வினையும் இல்லை, கட்டளை வாங்குகிறவரும் இல்லை. ‘கட்டற்ற லூலா’ என்று மட்டும் சொல்கிறது. உள்ளே இருக்கும் மனிதரைப் பற்றி, அவர் ஏற்கெனவே வெளியில் இருப்பதுபோல. இந்த ஓரிடத்தில் பின்னால் நிற்கும் ஆளை மறைத்தது போர்த்துகீசியம், காட்டிக்கொடுத்தது ஆங்கிலம்.

580 நாட்களுக்குப் பிறகு, 2019 நவம்பர் 8ஆம் தேதி அவர் வெளியே வந்தார். ‘ஃப்ரீ லூலா’ என்று அட்டை எழுதிப் பிடித்திருந்த வெளிநாட்டு நண்பர்கள் அட்டையை மடக்கி வைக்க வேண்டியதுதான், கட்டளை நிறைவேறிவிட்டது. குரிட்டிபா தெருவில் ‘லூலா லீவ்ரெ’ சட்டை போட்டிருந்தவர்கள் யாரும் அதைக் கழற்றவில்லை. நேற்றுவரை கோரிக்கையாக இருந்த அதே இரண்டு சொல் அன்றைக்குச் செய்தியாகிவிட்டது. இதை ஆங்கிலத்தில் எப்படிப் பெயர்ப்பது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. உங்களில் யாருக்காவது தோன்றினால் இப்போது கேள்வி நேரத்தில் சொல்லுங்கள்.